கன்னத்தில் வைத்த பட்டன்

ஜூன் 10, வெள்ளி

என் அருமை நாத்தனாரே, டீச்சரம்மா,

நான் நலம். என் நாற்காலிதான் நலமில்லை. கொஞ்சம் சாய்ந்தால் பின்னால் ஓடுகிறது, பேனா எடுக்கக் கை நீட்டினால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது. இருபத்தெட்டு வருஷம் மர ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் விற்றவளுக்கு இது தேவையா என்று கேட்பாய். பத்து நாளாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனி வேன் வெள்ளிக்கிழமை நம் பக்கம் வருகிறது, திங்கட்கிழமை திரும்புகிறது. டிரைவரிடம் கடிதம் கொடுத்துவிடு. புது டிசைனைப் படம் எடுத்துவிடுவோம் என்று இங்கே போனைக் காலையிலேயே வாசலில் வாங்கி ஒரு மரப்பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். சாயங்காலம் பேசலாம் என்றால், நீயும் நானும் 'கேக்குதா, கேக்குதா' என்பதற்குள் உன் அண்ணன் குறுக்கே புகுந்து உப்பு டப்பா எங்கே என்கிறார். ஆகவே கடைக்குத் தீப்பிடித்தால் மட்டும் போன். மற்றதெல்லாம் கடிதம்.

சட்டை தைக்கிற இந்தக் கம்பெனியின் முதலாளியம்மா நம் கடைக்கு வந்தபோது என்ன பார்த்தார்களோ, என்னைக் கொண்டுவந்து கொள்முதல் பிரிவுத் தலைவர் என்று உட்காரவைத்துவிட்டார்கள். எனக்குக் கீழே பதினெட்டுப் பேர். எல்லாரும் படித்தவர்கள். 'கம்ப்ளையன்ஸ்' என்று ஒரு சொல்லை நிமிஷத்துக்கு ஒருதரம் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். எட்டாவதோடு நின்றவள் என்று யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் தினம் குளித்துவிட்டுக் கிளம்புகிறேன்.

முதல் கூட்டத்தில் இரண்டு வகைச் சிப்பி பட்டன் தைத்த சாம்பிள் அட்டை என் கைக்கு வந்தது. பழக்கதோஷம், பட்டனைக் கன்னத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். உனக்குத் தெரியும், அசல் சிப்பி என்றால் கன்னத்தில் ஜில்லென்று நிற்கும், பிளாஸ்டிக் உடனே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். பதினோரு பேர் பேனாவும் கையுமாக என்னைப் பார்த்தார்கள். கன்னத்தைச் சொறிவதுபோல் பாவனை செய்து கையை இறக்கினேன். 'ஒரு நிமிஷம்' என்று எழுந்து, அட்டையைப் பையில் மறைத்து, லேடீஸ் டாய்லெட்டுக்குப் போனேன். கதவைத் தாழ்போட்டுவிட்டுக் கன்னத்தில் வைத்தேன். பல்லில் உரசினேன். பிய்த்தெடுத்துக் கைகழுவும் கல் தொட்டியில் போட்டுச் சத்தம் கேட்டேன். திரும்பி வந்து, "ரெண்டாவது வேணாம்"னேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

மூன்று மாதம் பார்க்கலாம் என்று பேச்சு. ஆகஸ்ட் கடைசியில் இருப்பதா போவதா என்று நான் சொல்லவேண்டும். அதற்குள் அவர்களே சொல்லிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அதுவரை கடையைப் பார்த்துக்கொள். ஸ்டூலில் உட்கார், கூச்சப்படாதே.

இப்படிக்கு,
சுற்றிக்கொண்டே இருக்கும் உன் அண்ணி


ஜூன் 13, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அண்ணன் நலம். உப்பு டப்பா அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது.

கடைக்குத் தீப்பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நாலு பேராவது உள்ளே வந்திருப்பார்கள். வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, "அம்மா இல்லையா?" என்கிறார்கள். "இல்லைங்க, நான் இருக்கேன்" என்கிறேன். "சரி, அம்மா வரட்டும்" என்று போய்விடுகிறார்கள். நான் என்ன, கடைக்குப் போட்ட பூட்டா?

முப்பது வருஷம் கணக்கு டீச்சர். நான் வகுப்புக்குள் நுழைந்தால் மின்விசிறி சத்தம்கூடக் குறையும். இங்கே நேற்று ஒருவர் ஆயிரத்து ஐந்நூறு சட்டை பட்டன் கேட்டார். உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். பாதியில் அண்ணன் சாப்பாட்டோடு வந்து, "எவ்வளவு ஆச்சு?" என்றார். விட்டுப்போய்விட்டது. மறுபடி ஒன்றிலிருந்து. வந்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்தார். "டீச்சர், அம்மா இதை அரை நிமிஷத்துல குடுப்பாங்க" என்றார். எப்படி என்று அவரிடமே கேட்க வெட்கமாக இருந்தது. உங்களிடம் கேட்கிறேன்.

ஓய்வுபெற்றவள் வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று இரக்கப்பட்டுத்தான் சாவியைக் கொடுத்தீர்கள் என்று தெரியும். வருகிறவர்களுக்கும் தெரிகிறது போலிருக்கிறது. கடைக்காரி வேஷம் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது.

ஸ்டூல் உங்களுடையது. நான் பக்கத்தில் அட்டைப்பெட்டி மேல் உட்காருகிறேன். அது கொஞ்சம் அமுங்கிவிட்டது.

அன்புடன்,
தங்கள் கடையைப் பார்த்துக்கொள்ளும்
டீச்சர்


ஜூலை 1, வெள்ளி

என் அருமை நாத்தனாரே,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. ஆயிரத்து ஐந்நூறு பட்டனை ஒவ்வொன்றாக எண்ணினாயா? இதைப் படித்துவிட்டு டாய்லெட்டில் நின்று சிரித்தேன். வெளியே யாரோ, "மேடம், ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டார்கள். நூறு பட்டனை எண்ணித் தராசில் போடு. அது எவ்வளவு எடையோ, அதைப்போல் பதினைந்து மடங்கு அள்ளிப் போடு. முடிந்தது. கணக்கு டீச்சருக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், காலம் கெட்டுவிட்டது.

என் கதை கேள். டாய்லெட் வியாபாரம் நன்றாக நடக்கிறது. இதுவரை ஒன்பது சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஒன்றிலும் தப்பில்லை. 'மேடம் சும்மா பார்த்தே சொல்லிடறாங்க' என்று பேர் வந்துவிட்டது. சும்மா எங்கே பார்த்தேன்? ஒவ்வொரு அட்டைக்கும் எழுந்து ஓடுகிறேன்.

இப்போது இன்னொரு பேரும் வந்திருக்கிறது. போன வாரம் பார்த்தால் என் மேசைமேல் ஒரு பிளாஸ்க், நிறைய வெந்நீர். யார் வைத்தது என்று கேட்டேன். பக்கத்து மேசைக்காரி குனிந்து, காதோடு சொன்னாள்: "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் மேடம். கூச்சப்படாதீங்க." எனக்கு விளங்கவில்லை. மறுநாள் கூட்டத்தில் என் நாற்காலியைக் கதவை ஒட்டிப் போட்டிருந்தார்கள். தலையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு அதையே தேடுகிற மேனேஜர் ஒருவர் இங்கே இருக்கிறார், அவர் ஒரு சீட்டு நீட்டினார். வயிற்று டாக்டரின் விலாசம்.

அப்போதுதான் புரிந்தது. கம்பெனி முழுக்க எனக்கு வயிற்றுக் கோளாறு என்று பேசிக்கொள்கிறார்கள்.

இல்லை என்று சொல்லலாம். சொன்னால், பின்னே அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்பார்களே? பட்டனைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்று, மூன்று பட்டம் வாங்கினவர்களிடம் எப்படிச் சொல்வது? ஆரம்பத்தில் தெருவோரம் கூடையில் பட்டன் விற்றவள், அந்தப் புத்தி போகவில்லை என்பார்கள். அதற்கு வயிறே தேவலை.

அட்டைப்பெட்டி கிழிந்தால் விழுந்துவைக்காதே. ஸ்டூலில் உட்கார்.

இப்படிக்கு,
வெந்நீர் குடித்துக் குடித்து உண்மையிலேயே அடிக்கடி எழுந்து போகும்
உன் அண்ணி


ஜூலை 4, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கடிதத்தை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "இவ வயிறு கல்லைத் தின்னாலும் செரிக்குமே" என்று உங்களுக்காக வருத்தப்பட்டார்.

தராசு வித்தை அபாரம். எண்ணிக்கை சரியா என்று முதல் நாள் ரகசியமாக ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். மூன்று கூடுதலாக இருந்தது. விட்டுவிட்டேன், வியாபாரி ஆகிறேன் போலிருக்கிறது.

இப்போது வருகிறவர்கள் திரும்பிப் போவதில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். கொஞ்சம் வெட்கக்கேடான வழி. நேரம் வரும்போது சொல்கிறேன்.

ஒரு சின்ன விஷயம், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு நீளத் துணியில் கடையில் இருக்கிற எல்லா பட்டனிலும் ஒவ்வொன்று தைத்து, அடியில் இழுப்பறை எண் எழுதி, வாசல் பக்கம் மாட்டினேன். வருகிறவர்கள் தங்கள் துணியை அதன்மேல் வைத்துப் பார்த்து, "டீச்சர், நாற்பத்திரண்டு குடுங்க" என்கிறார்கள். நூற்றெண்பத்தாறு வகை. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கடையில் நிற்க இடமில்லை. நேற்று மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன். இதெல்லாம் நீங்கள் வரும்வரைதான். வந்ததும் துணியைக் கழற்றிவிடுகிறேன்.

அட்டைப்பெட்டி மாற்றியாகிவிட்டது. இது கெட்டி.

அன்புடன்,
தங்கள் கடையைப் பார்த்துக்கொள்ளும்
டீச்சர்


ஆகஸ்ட் 5, வெள்ளி

அன்புள்ள டீச்சருக்கு,

இது சிரிக்கிற கடிதமில்லை. பொறுமையாகப் படி.

போன மாதம் ஒரு பெரிய ஆர்டர். வெள்ளைச் சட்டை, சிப்பி பட்டன். அட்டை வந்தது, கூடவே லேப் ஷீட். கம்பெனி ஆய்வகத்தில் சோதித்து, 'அசல்' என்று எழுதிக் கொடுத்தது. வழக்கம்போல் எழுந்தேன். அந்தக் கண்ணாடிக்காரர் எல்லார் முன்னாலும், "மேடம், உடம்பு முடியாம எதுக்கு அலையறீங்க? லேப் ஷீட் இருக்கு. கையெழுத்து மட்டும் போட்டா போதும்" என்றார். பதினோரு பேரும் கருணையோடு பார்த்தார்கள். முறைத்துப் பார்த்திருந்தால் திருப்பி முறைத்திருப்பேன், நமக்குத் தெரிந்த தொழில் அது. கருணையை என்ன செய்வது? உட்கார்ந்துவிட்டேன். தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். இருபத்தெட்டு வருஷத்தில் முதல்தடவை.

நேற்று நானூறு சட்டைக்கு இஸ்திரி போட்டார்கள். பட்டன் அத்தனையும் மெழுகுபோல் நெளிந்துவிட்டது. பிளாஸ்டிக். ஆய்வகத்துக்கு அசலைக் காட்டிவிட்டு, கூட்டத்துக்கு அட்டையை மாற்றி அனுப்பியிருக்கிறான் சப்ளையர். கன்னத்தில் ஒரு நொடி வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆனால் எல்லாரும் கேள்வி கேட்பது ஆய்வகத்துப் பெண்ணை. அவள் சோதித்தது அசலைத்தான், அதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவம், உடம்பு சரியில்லாதவள்.

செவ்வாய்க்கிழமை முதலாளியம்மா விசாரிக்கிறார்கள். எனக்கு ஒரு வழி இருக்கிறது. அவர்களாகவே போட்டுக் கொடுத்த வழி. 'வயிற்று உபாதை காரணமாக விலகிக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் பூச்செண்டு கொடுத்து அனுப்பிவைப்பார்கள். எழுதியும்விட்டேன். உள்ளே இருக்கிறது. எழுத்துப் பிழை பார்த்துத் திங்கட்கிழமை வேனில் அனுப்பு. ஸ்டூலைத் துடைத்து வை.

நான் அந்த நாற்காலிக்கு ஆள் இல்லை என்று முதல் நாளே தெரியும். இப்போது கையெழுத்தோடு தெரிகிறது.

அண்ணி


ஆகஸ்ட் 8, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் விலகல் கடிதத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மை என்று கோபிக்க வேண்டாம், கை பழகிவிட்டது. எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. மதிப்பெண் பூஜ்யம்.

முப்பது வருஷம் விடுப்புக் கடிதம் வாசித்தவள் நான். 'வயிற்றுவலி காரணமாக' என்று ஆரம்பிக்கிற கடிதம் எத்தனை ஆயிரம் பார்த்திருப்பேன். நிஜமாக வயிறு வலித்தவன் இரண்டு வரியில், எழுத்து கோணிக்கொண்டு எழுதுவான். பொய் சொல்கிறவன்தான் 'உபாதை' என்று அழகாக எழுதுவான். என் வகுப்பு என்றால் இதில் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

நீங்கள் வருவதென்றால் வாருங்கள். கடை உங்களுடையது, ஸ்டூலைத் தினமும் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். நான் வீட்டுக்குப் போய்விடுவேன், அதைப் பற்றி நினைக்காதீர்கள். வீட்டிலும் வேலை இருக்கத்தான் இருக்கிறது. பழைய வினாத்தாள்களை அடுக்கவேண்டும்.

ஆனால் அந்த ஆய்வகத்துப் பெண்ணுக்கு என்ன வழி? அவளுக்கு வயிற்றுவலிகூட இல்லையே.

எனக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. வேன் டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

டீச்சர்


ஆகஸ்ட் 19, வெள்ளி

என் அருமை நாத்தனாரே, பூஜ்யம் போட்ட புண்ணியவதியே,

போன வெள்ளிக்கிழமை கடிதம் வராததற்குப் பதறியிருப்பாய். நெளிந்த பட்டனை வெட்டி எடுத்து மாற்றுகிற வேலையில் வேனைத் தவறவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை உன் சிவப்பு மைக் காகிதத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். முதலாளியம்மா ஆய்வகத்துப் பெண்ணைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் ஓடிச் சுவரில் இடித்தது.

"அந்தப் பொண்ணு ஷீட் சரிதான். அட்டைதான் மாறியிருக்கு. அதைக் கண்டுபிடிக்கறது என் வேலை. நான் தொட்டுக்கூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

கண்ணாடிக்காரர், "மேடத்துக்கு வயிறு..." என்று ஆரம்பித்தார்.

"என் வயித்துக்கு ஒண்ணும் இல்லைங்க. கல்லைத் தின்னாலும் செரிக்கும், என் வீட்டுக்காரரைக் கேளுங்க. நான் டாய்லெட்டுக்குப் போறது பட்டனைக் கன்னத்துல வெச்சுப் பார்க்க. அப்படித்தான் எனக்குச் சரக்குப் பார்க்கத் தெரியும். நான் படிச்சது எட்டாவது. இங்க செய்ய வெட்கமா இருந்துச்சு. வெட்கப்பட்டு ஒருநாள் போகாம இருந்தேன், நானூறு சட்டை போச்சு."

முதலாளியம்மா, "காட்டுங்க" என்றார்கள்.

ஆய்வகத்துப் பெண் ஓடிப்போய் ஒன்பது பட்டன் பொறுக்கிவந்தாள், கலந்து கலந்து. பத்துக்கு ஒன்று குறைந்ததென்று, கம்பெனி எனக்குக் கொடுத்த கோட்டிலிருந்தே மேல் பட்டனைப் பிய்த்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துச் சொன்னேன். நாலு சிப்பி, ஆறு பிளாஸ்டிக். அவள் எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு வந்தாள். பத்துக்குப் பத்து. என் கோட்டு பட்டனும் பிளாஸ்டிக்தான். சிப்பி என்று நம்பித்தான் இத்தனை நாள் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

"குடுங்க பார்ப்போம்" என்று முதலாளியம்மா ஒன்றைக் கன்னத்தில் வைத்தார்கள். பிறகு மேனேஜர். பிறகு எல்லாரும். டீக்காரர் கதவைத் திறந்தார், பதினோரு பேர் கண்ணை மூடிக் கன்னத்தில் பட்டன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போய்விட்டார்.

தப்புக்குத் திட்டு விழுந்தது. நன்றாகவே விழுந்தது, என் பேரில் எழுதியும் வைத்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. சப்ளையரை விரட்டியாகிவிட்டது. ஆய்வகத்துப் பெண், "எங்களுக்கு மேல டாய்லெட்டுல தனியா ஒரு லேப் நடத்தியிருக்கீங்க" என்று கேலி பேசுகிறாள். இனி அட்டை என் கைக்கு வந்த பிறகு, அதிலிருந்தே ஒன்றைப் பிய்த்து அவள் சோதிக்கிறாள். இது அவள் யோசனை. கூட்டம் நடக்கிற மேசை நடுவில் கைகழுவும் தொட்டிக் கல் மாதிரியே ஒரு கல் பதித்திருக்கிறார்கள். இது என் யோசனை. அசல் சிப்பி அதில் விழுகிற சத்தம் நம் கடைக் கல்லைவிட நன்றாக இருக்கிறது.

தைரியம் வந்ததும், "அந்தக் கம்ப்ளையன்ஸ்னா என்னங்க?" என்று கேட்டேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். பிறகு அவர்களுக்குள் சண்டை. கண்ணாடிக்காரர் மட்டும் என்னோடு சேர்ந்து தலையாட்டினார். அவரும் இத்தனை வருஷமாக ஆட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

இப்போது உன் விசாரணை.

நேற்று நம் தெருத் தையல்காரர் பேன்ட் மாஸ்டர் தையல் ஆர்டர் கேட்டு இங்கே வந்தார். என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். "விரல் நடுங்கற பெரியவங்களுக்கு, மேலே பெரிய பட்டன் சும்மா அழகுக்கு, அடியில பிரஸ் பட்டன் வைன்னு போன்ல சொன்னீங்களே அம்மா. இப்ப என்கிட்ட தைக்கத் தெருவே நிக்குது."

நான் சொன்னேனா? எப்போது? திங்கட்கிழமை பதினொரு மணியாம். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு என் போன் வாசலில் மரப்பெட்டியில் பூட்டிக் கிடந்தது.

துருவித் துருவிக் கேட்டேன். யார் வந்து எது கேட்டாலும், "இருங்க, அண்ணியைக் கேட்டுச் சொல்றேன்" என்று போனைக் காதில் வைத்துக்கொள்வாயாம். "ஆமா அண்ணி, சரி அண்ணி, அப்படியா அண்ணி" என்பாயாம். நடுவில் என்னிடம் திட்டு வாங்குவதுபோல் முகத்தை வேறு வைத்துக்கொள்வாயாம். இதுதானா அந்த வெட்கக்கேடான வழி?

அடிப் பாவி. இரண்டு மாதமாக அத்தனை யோசனையும் உன் சொந்தச் சரக்கு. நான் டாய்லெட்டில், நீ போனில். ஒரே வீட்டுக்கு இப்படி இரண்டு பேரா?

முடிவு சொல்லிவிட்டேன். இங்கேயே இருக்கிறேன். முதலாளியம்மாவிடம் இன்று காலை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், இந்தத் தடவை படித்துப் பார்த்து. உனக்கு இரக்கப்பட்டுச் சாவி கொடுத்ததாக எழுதினாயே, நான் வியாபாரி. இரக்கப்பட்டு ஒரு ஊசி கொடுத்ததில்லை. கடையைக் கவனிக்க உன்னைவிட நல்ல ஆள் கிடைத்திருந்தால் நாத்தனார் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

வினாத்தாளை எடைக்குப் போடு. துணியைக் கழற்றாதே. ஸ்டூலின் முன்கால் ஒன்று குட்டை, அடியில் அட்டை மடித்து வைத்திருப்பேன். உன் உட்காரலுக்கு ஏற்ற மாதிரி நீயே புதிதாக மடித்து வை. கெட்டி அட்டைப்பெட்டி ஒன்று உன்னிடம் இருக்கிறதே, அதைக் கிழி.

இப்படிக்கு,
மேல் பட்டன் இல்லாத கோட்டோடு திரியும்
பட்டன் பிரிவுத் தலைவி,
உன் அண்ணி


ஆகஸ்ட் 22, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணன் முன்னால் வாசித்தேன். பாதியில் அவர் வாங்கி வாசித்தார். போன் விஷயம் வந்ததும், "எனக்கு அப்பவே தெரியும், என் பொண்டாட்டி சொல்றதை நீ அவ்வளவு நேரம் குறுக்கே பேசாம கேட்டுக்கிட்டிருக்க மாட்டே" என்றார்.

அட்டைப்பெட்டியைக் கிழித்து நாலாக மடித்து வைத்தேன். ஸ்டூல் ஆடவில்லை. அதில் உட்கார்ந்து பார்த்தால் தெருமுனைவரை தெரிகிறது. யார் வாங்க வருகிறார்கள், யார் வேடிக்கைக்கு வருகிறார்கள் என்று நடையிலேயே தெரிந்துவிடுகிறது. இதை எனக்குச் சொல்லவே இல்லையே நீங்கள்.

இன்று காலை பேன்ட் மாஸ்டர் வந்து ஒரு சந்தேகம் கேட்டார். பதில் சொன்னேன். "எதுக்கும் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றார்.

"கேட்டாச்சு."

"எப்ப? போனே எடுக்கலையே."

"அம்மாவை இல்ல. என்னைக் கேட்டேன். சரின்னு சொல்லிட்டேன்."

அவர் துணியை விரித்து, "அப்ப இதையும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

சனிக்கிழமை ஒரு சப்ளையர் சிப்பி பட்டன் கொண்டுவந்தார். கடை வாசலில், ஆறு பேர் பார்க்க, கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று பெட்டி எடுத்துக்கொண்டேன், இரண்டைத் திருப்பிவிட்டேன். உங்களுக்குச் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

அதில் ஒன்றை உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். சரிபார்க்க அனுப்பவில்லை, நான் பார்த்தாகிவிட்டது. உங்கள் கோட்டில் தைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் கூட்டம், இதோடு நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
கடைக்காரி